வெள்ளி கழித்த எடை

நான் வேலை பார்த்த குழந்தைகள் நிலையத்தின் சுவரில், "எடை போடும் முன் அரைஞாணைக் கழற்றவும்" என்று ஓர் அட்டை தொங்கியது. அதை எழுதித் தொங்கவிட்டவள் நான்தான். நான் அங்கே இருந்த ஆறு வருஷத்தில் ஒரு தாய்கூடக் கழற்றியதில்லை. வெறும் இடுப்போடு பிள்ளையை நாலு பேர் முன்னால் தூக்கிக் காட்டக் கூடாதாம். சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் நானே வெள்ளியைக் கழிக்கக் கற்றுக்கொண்டேன். மெல்லிய கொடி என்றால் இரண்டு அவுன்ஸ். முறுக்குக் கொடி என்றால் மூன்று. காலில் தண்டையும் கிடந்தால் ஐந்தோ ஆறோ. தராசு முள் காட்டுவதிலிருந்து இதைக் கழித்துத்தான் பிள்ளையின் அட்டையில் எழுதுவேன். சில மாதங்களில், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும் அளவுக்குத் தேர்ந்துவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. எடையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் கண் பட்டுவிடும். வேலைக்கு வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. ஓர் ஆபீஸ் குமாஸ்தாவின் மனைவியிடம், "பிள்ளை நல்லா கொழுகொழுன்னு இருக்கான், இருபத்தஞ்சு ராத்தல்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் அந்தப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. ஒரு மாதம் அவள் நிலையத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அன்று முதல் எடையை எழுதியதும் அட்டையைக் கவிழ்த்துத்தான் கையில் கொடுப்பேன். குண்டான பிள்ளையைக் கூடையிலிருந்து தூக்கும்போது, "என்னா இப்பிடி எளைச்சுப் போயிட்டான்" என்று எங்கள் ஆயா ஒரு வார்த்தை போடுவாள். தாய்க்கு மனம் குளிர்ந்துவிடும். கேட்பவர்களுக்கு, மதுரையில் கொழுத்த பிள்ளையே கிடையாது என்றுதான் தோன்றியிருக்கும்.

நிலையம் திண்டுக்கல் ரோட்டில், விளாங்குடிக்குச் சற்று முன்னால், பழைய தானிய மண்டி ஒன்றின் ஓட்டுக் கட்டடத்தில் நடந்தது. ஊரில் வசதியான சில பெண்மணிகள் கூடிக் கமிட்டி அமைத்து நடத்தினார்கள். வேலைக்கு நானும் ஆயாவும் மட்டும். மாதம் ஒருமுறை ஒரு லேடி டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார். நான் டாக்டரும் இல்லை, முழு நர்சும் இல்லை. மகன் வயிற்றில் இருக்கும்போதே கணவர் இறந்துபோனார். பிள்ளை பிறந்து பால் மறந்ததும், மூலையில் உட்கார்ந்து தேய்ந்துபோகாதே என்று அப்பா என்னைச் சென்னைக்கு அனுப்பி, குழந்தை வளர்ப்புப் பயிற்சி படிக்க வைத்தார். திரும்பி வந்ததும் இந்த வேலை கிடைத்தது. எல்லாரும் என்னை நர்சம்மா என்று கூப்பிட்டார்கள். நானும் மறுத்ததில்லை.

இளைத்த பிள்ளைகளுக்கு நிலையத்தில் தினமும் காலையில் ஒரு டம்ளர் பசும்பால் கொடுத்தோம். மொத்தம் இருபது டம்ளர்தான். பாலை அங்கேயே, என் கண் முன்னால் குடிக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனால் பிள்ளை வயிற்றுக்குப் போகாது, காப்பிக்குப் போய்விடும் என்று கமிட்டிக்குப் பயம். புதன்கிழமைதோறும் எடை. தொடர்ந்து மூன்று வாரம் எடை ஏறினால், அந்தப் பிள்ளையின் அட்டையில் சிவப்பு மையால் "தேறியது" என்று எழுதிவிட்டு, வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் பாலை மாற்ற வேண்டும். கமிட்டிக்கு மிகவும் பிடித்த வார்த்தை அது. மாதக் கூட்டத்தில் உட்கார்ந்ததும் எத்தனை தேறியது என்றுதான் கேட்பார்கள். எனக்கும் சிவப்பு மைக்கூட்டைத் திறக்கும்போது ஒரு சந்தோஷம் வரும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. பஸ்களுக்குப் பெட்ரோல் கிடைக்காமல், முதுகில் ஒரு பெரிய உலையைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடின. கரிக்குத் தேவை கூடியதால் அதில் இறங்கியவர்கள் கொழித்தார்கள். அப்படி ஒரு காண்டிராக்டர், விளாங்குடி தாண்டி ஒரு புளியந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துக் கரி மூட்டம் போட்டார். மரம் வெட்டிச் சுமக்க ஆள் வேண்டும் என்று சிறுமலைப் பக்கத்திலிருந்து பளியர் என்ற மலைவாசிக் குடும்பங்கள் சிலவற்றைக் கீழே இறக்கிக் கூட்டிவந்தார். ஆண்கள் விறகு பிளந்தார்கள். பெண்கள் கரி சலித்துச் சாக்கில் அள்ளினார்கள். தோப்புக்குள்ளேயே தென்னங்கீற்றுக் குடிசைகள். மலையைவிட்டு அதற்கு முன் இறங்கியே பார்க்காதவர்கள் அவர்களில் பாதிப்பேர்.

அந்தத் தோப்பிலிருந்து ஒரு புதன்கிழமை ஒருத்தி வந்தாள். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று. ஆயா வாசலில் அவளை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"நர்சம்மா, கரிமூட்டத்து மலைக்காரப் பொம்பள ஒருத்தி வந்துருக்கா. உள்ள விடவா?"

"விடாம? பிள்ளைதானே கொண்டாந்திருக்கா?"

ஆயா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய், எடைக் கூடையில் விரித்திருந்த துணியை எடுத்துவிட்டு ஒரு பழைய துணியைப் போட்டாள். பெஞ்சில் இருந்த குமாஸ்தாவின் மனைவி தன் பிள்ளையை மடியோடு சேர்த்துக்கொண்டு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தாள். நான் எழுந்துபோய் அந்தப் பழைய துணியை உருவிவிட்டு, பழையபடி வெள்ளைத் துணியையே விரித்தேன். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷம் நான் பெரிய மனுஷி என்று நினைத்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

பெண் குழந்தை. வயது கேட்டதற்குத் தாய், "முந்தின வருசத்துக்கு முந்துன வருசம், தேன் எடுக்குற காலத்துல பொறந்துச்சு" என்றாள். கணக்குப் போட்டால் என் மகன் வயதுதான் வந்தது. கூடையில் வைத்ததும் அழவில்லை. தலைக்கு மேலே ஆடிய முள்ளைப் பார்த்துச் சிரித்து, அதைப் பிடிக்கக் கையை நீட்டியது. முள் பதினாறு ராத்தலில் நின்றது. இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு மட்டும். கழிக்க ஒன்றும் இல்லை. அந்தத் தராசில் நான் கண்ட முதல் சரியான எடை என்று ஆயாவிடம் வேடிக்கையாகச் சொன்னேன்.

என் மகன் அப்போது இருபத்துமூன்று ராத்தல். அதற்கே என் அம்மா, பிள்ளை தேய்கிறான் என்று அழுவாள். எங்களுக்குச் சோழவந்தானில் கொஞ்சம் வயல் இருந்ததால், ஊரெல்லாம் ரேஷனுக்கு நின்றபோதும் வீட்டில் அரிசிக்குக் குறைவில்லை. பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்த சோற்றை எடுத்துக்கொண்டு அம்மா வீடு முழுக்க அவன் பின்னால் ஓடுவாள். அவன் ஒரு வாய் வாங்கிக்கொண்டு இரண்டு வாய் துப்புவான். சிந்தியது காக்கைக்குப் போகும்.

"பிள்ளைக்கு என்ன கொடுக்கிற?" என்று அந்த மலைக்காரியிடம் கேட்டேன். எல்லாத் தாய்மாரிடமும் கேட்டு அட்டையில் எழுத வேண்டும்.

"கரிக்காரரு வாரத்துக்கு மாவு அளந்து குடுப்பாரு, தாயி. மரவள்ளி மாவு. அதைக் கஞ்சியாக் காச்சி ஊத்துறேன்."

"மலையில இருக்கும்போது?"

அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "மேல வள்ளிக்கெழங்கு தோண்டுவோம். தேனு இருக்கும். தேனடையில இருக்குற புழு இவளுக்கு ரொம்பப் பிடிக்கும், அம்புட்டையும் உறிஞ்சித் தின்னுருவா. உடும்பு, காட்டுக்கோழி கெடைச்சா அதுவும் திங்கும்."

பயிற்சிப் புஸ்தகத்தில் புழுவும் இல்லை, உடும்பும் இல்லை. அட்டையில் "முன்பு முறையற்ற உணவு" என்று எழுதினேன். மரவள்ளிக் கஞ்சியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கஞ்சி என்பது எனக்குத் தெரிந்த வார்த்தை.

பால் விஷயத்தில் முதல் வாரம் பெரும்பாடு. குடித்ததைக் குடித்த வேகத்தில் கக்கியது. "எங்க சனம் பாலு குடிக்காது தாயி, அது கன்னுக்குட்டிக்கு உள்ளது" என்றாள் தாய். நான் விடவில்லை. கருப்பட்டி போட்டு, ஆறவைத்து, மடக்கு மடக்காக நானே புகட்டினேன். இரண்டாவது வாரம் டம்ளரைப் பார்த்ததும் வாயைத் திறக்க ஆரம்பித்தது. பால் மீசையோடு என் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொள்ளும். எடைக்கு வைக்கும்போதெல்லாம் முள்ளைப் பிடிக்கத் தாவும். ஒருநாள் பிடித்தே விட்டது. அன்று பதினாறரை ராத்தல் என்று எழுத எனக்கு இரண்டு நிமிஷம் பிடித்தது.

அதன் பிறகு தாய்க்குப் பிரசவமாகி ஆண்பிள்ளை பிறந்தது. இரண்டு வாரம் அவர்கள் வரவில்லை. அடுத்து வந்த புதன்கிழமை, முதுகில் பச்சைப்பிள்ளையும் இடுப்பில் மகளுமாக வந்து நின்றாள். தாய்ப்பால் இப்போது சின்னதற்கு. பெரியதற்கு மாவுக் கஞ்சிதான்.

"தெனம் வர முடியல, தாயி. ரெண்டையும் தூக்கிக்கிட்டு நடக்க மாட்டல. கங்காணியும் விடமாட்டேங்காரு" என்றாள். கங்காணி என்றது கரிமூட்டத்தில் அவர்களை வேலை வாங்குகிற மேஸ்திரியை.

"புதன்கிழமையாவது தவறாம வா. எடை பார்க்கணும்."

"பாலைக் கொண்டு போகட்டா? சொம்பு கொண்டாறேன். எங்க வீட்டுக்காரரு காலையில இந்த வழியாத்தான் வெறகு வண்டி ஓட்டிக்கிட்டுப் போவாரு."

கொண்டுபோகக் கூடாது, இங்கேதான் குடிக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் இன்னொரு தரம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். ஒருத்திக்குத் தளர்த்தினால் பத்தொன்பது பேர் சொம்போடு வந்து நிற்பார்கள் என்று என் மனதுக்குள் நியாயம் தயாராக இருந்தது.

அன்று எடை பதினேழரை ராத்தல். ஏறியிருந்தது. எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, குளிர்ச்சியாகவும் இருந்தது. அடுத்த புதன் பதினெட்டே கால். முகம் உருண்டையாகிவிட்டது. கன்னம் தொங்கியது. இரண்டு வாரமாக என் மகன் ஒரு அவுன்ஸ்கூட ஏறவில்லை. உள்ளதைச் சொல்வதென்றால், அந்த முள்ளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன அன்று எனக்குப் பொறாமையாக இருந்தது. மாவுக் கஞ்சி குடிக்கிற பிள்ளை ஏறுகிறது, நீ நெய்ச்சோற்றைத் துப்புகிறாய் என்று மகன் முதுகில் ஒன்று வைத்தேன்.

எடை ஏறியதைத் தவிர வேறு சிலதும் நடந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் நான் பார்த்தேன். பார்க்காமல் விட்டேன் என்று சொல்ல முடியாது. அதன் தலைமுடி செம்பட்டையாகி, இழுத்தால் கையோடு வந்தது. "மலைக்காரப் புள்ளைக முடி அப்பிடித்தான், எண்ணெயைக் கண்டுச்சா, தண்ணியைக் கண்டுச்சா" என்றாள் ஆயா. சரி என்று விட்டேன். வயிறு முன்னால் தள்ளியது. கிழங்கு தின்று வளர்ந்த வயிறு என்று விட்டேன். காலில் தோல் கறுத்து உரிந்தது. கரியில் புரளுகிற பிள்ளை என்று விட்டேன். வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அழவில்லை, சிரிக்கவில்லை. காட்டுப் பிள்ளைகள் அடக்கமானவை என்று, யாரோ கேட்டது போல நானே ஆயாவுக்கு விளக்கம் சொன்னேன். இதே அடையாளங்களோடு குமாஸ்தாவின் பிள்ளை வந்திருந்தால் அன்றைக்கே டாக்டர் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருப்பேன்.

மூன்றாவது புதன்கிழமை கூட்டம் அதிகம். மலைக்காரி மகளைக் கூடையில் வைத்தாள். முள் ஆடியது. குழந்தை அதைப் பிடிக்கக் கையைத் தூக்கவில்லை. மேலே பார்க்கவும் இல்லை. நான் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பதரை.

"தாயி, இங்க பாருங்களேன்" என்றாள் தாய். கூடைக்குள் கையைவிட்டு, மகளின் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். எடுத்தாள். "அமுக்குனா குழி விழுது. அப்பிடியே நிக்குது. எந்திரிச்சு நிக்கவும் மாட்டேங்குது. கஞ்சி குடுத்தாலும் வேணாங்குது."

குழி விழுந்திருந்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். மூன்று வாரம், மூன்று ஏற்றம் என்பதே மனதில் ஓடியது.

"சதை போட்டா அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். "குண்டாயிட்டா உன் மக. இனிமே உனக்கு ஒரு கவலையும் இல்ல."

வாய்விட்டுச் சொன்னேன். கண்ணேறு, கழிப்பு என்பதெல்லாம் எங்கள் ஊர்ப் பெண்களுக்குத்தான், இவளுக்கு என்ன என்று நினைத்தேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மகளைத் தூக்கிக் கன்னத்தோடு கன்னம் வைத்து, "குண்டச்சி, குண்டச்சி" என்று கொஞ்சினாள். பிள்ளையின் தலை அவள் தோளில் விழுந்து கிடந்தது.

சிவப்பு மைக்கூட்டைத் திறந்து "தேறியது" என்று எழுதினேன்.

"அப்ப பாலு?"

"இனி வேண்டாம். தேறிட்டா."

சரி தாயி என்று போனாள். பெஞ்சில் அடுத்து இருந்தது ஒரு மில் தொழிலாளியின் பையன். விலா எலும்பு எண்ணலாம். அவனுக்கு அந்த டம்ளரைக் கொடுத்தேன். அதில் தவறு ஒன்றும் இல்லை. பால் போய்ச் சேர வேண்டிய பிள்ளைதான் அவனும்.

பத்து நாள் கழித்து டாக்டர் வந்தார். தாய்க்கு ஒன்று, நிலையத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு அட்டை உண்டு. அந்த மாதம் தேறிய பிள்ளைகளின் நிலைய அட்டைகளை மேலே அடுக்கி, மலைக்காரக் குழந்தையுடையதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தேன். பாராட்டு எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க என்ன இருக்கிறது. டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"மூணே எடையில மூணு ராத்தல் ஏறியிருக்கே. எப்படி?"

"பால் பிடிச்சுக்கிட்டது டாக்டர்."

"இந்த மூணு வாரத்தில் எத்தனை டம்ளர் குடிச்சது?"

யோசித்துப் பார்த்தேன். புதன்கிழமை மட்டும். மூன்று டம்ளர். அதைச் சொன்னேன்.

"வேற என்ன ஆகாரம்?"

"மரவள்ளி மாவுக் கஞ்சி."

"முடி எப்படி இருந்தது? தோல்?" நான் சொன்னேன். டாக்டர் அட்டையை மேஜைமேல் வைத்தார். "காலை அமுக்கிப் பார்த்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. எனக்கு அமுக்கிக் காட்டினார்கள். இல்லை என்று மட்டும் சொன்னேன்.

"அது சதை இல்லம்மா, நீர் கோத்திருக்கு. மாவு மட்டும் தின்னா, உடம்பில சத்து அத்துப்போய் இப்படி ஊதும். கொழுத்தது மாதிரி இருக்கும். உண்மையான எடை போன மாசத்தைவிடக் குறைஞ்சிருக்கும். இப்பவே போய்க் கூட்டிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது தோன்றியிருக்குமோ என்னவோ.

ஒரு ஜட்காவைப் பிடித்து நானும் ஆயாவும் கரிமூட்டத்துக்குப் போனோம். வழியெல்லாம் நான் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு அவுன்ஸ், மூன்று அவுன்ஸ் என்று வெள்ளியைக் கழித்தேன். இந்தப் பிள்ளையிடம் கழிக்க ஒன்றும் இல்லை என்று முள் காட்டியதை அப்படியே எழுதினேன். தண்ணீரைக் கழிக்கவில்லை.

தோப்பு வாசலில் கங்காணி நின்றான். விஷயத்தைச் சொன்னோம்.

"எந்தப் புள்ளைங்க? அந்த ஊதுன புள்ளையா?" என்றான். "அது முந்தாநேத்தே போயிருச்சே. இங்கனதான் ஓடைக்கரையில பொதைச்சாக."

தாய் உள்ளே கரி சலித்துக்கொண்டிருந்தாள். சின்னப்பிள்ளை புளியங்கிளையில் கட்டிய தூளியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் சல்லடையை வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்தபடி எழுந்தாள். முகமெல்லாம் கரி. அழுதாளா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கங்காணி பார்த்துக்கொண்டே நின்றான். "புதன்கிழமை சின்னவனைக் கொண்டா" என்றேன். திரும்பி வண்டியில் வந்து ஏறிக்கொண்டேன்.

திரும்பும்போது ஆயா, "பளியப் புள்ளைக இப்பிடித்தான் பொசுக்குன்னு போயிரும், நர்சம்மா. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீக" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அது நிஜமாக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது.

வீட்டில் அம்மா வழக்கம்போலக் கிண்ணத்தோடு என் மகன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். அவனைப் பிடித்து மடியில் போட்டு, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அமுக்கினேன். குழி விழவில்லை. வலித்ததோ என்னவோ, என்னை உதைத்துவிட்டு ஓடினான். எனக்கு அழுகை வரவில்லை. அம்மா சோறு போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு. நன்றாக இருந்தது. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்கு எனக்குள் என்ன இருந்தது என்று பின்னால் பல தடவை தேடிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படித்தான்.

புதன்கிழமை அவள் வந்தாள். வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். வர வேண்டாம் என்றும் நினைத்திருந்தேன். முதுகில் சின்னவன். கையில் மகளுடைய அட்டை. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னார்களோ, கரி படாமல் ஒரு இலையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். மேஜைமேல் வைத்தாள்.

நடந்ததைச் சொல்லிவிடுவது என்று நான் தீர்மானித்திருந்தேன். பிள்ளைக்குச் சத்து இல்லாமல் நீர் கோத்தது, நான் அதைச் சதை என்று சொல்லிவிட்டேன், நீ காட்டினாய், நான் பார்க்கவில்லை. வார்த்தைகளை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"குண்டாத்தான் தாயி போச்சு எம் மக" என்றாள். "இவளுக்கு முன்ன ஒண்ணு மலையில போச்சு. மழை இல்லாத வருசம். வெறும் எலும்பாக் கெடந்துச்சு, தூக்கவே பயமா இருக்கும். இது அப்பிடி இல்ல. பசியில போகல. நீங்கதான் சொன்னீகள்ல, குண்டாயிட்டான்னு. அதச் சொல்லித்தான் எங்க வீட்டுக்காரரையும் தேத்துனேன்."

நான் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. சொல்லக் கூடாது என்று நினைத்தேனா, சொல்லப் பயந்தேனா என்று கேட்டால், பயந்தேன் என்பதுதான் சரி. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் அதையும் ஆறுதலாக எடுத்துக்கொண்டாள்.

"இவனையும் பாருங்க தாயி" என்று முதுகிலிருந்து சின்னவனை அவிழ்த்துக் கூடையில் வைத்தாள். அவன் இடுப்பிலும் ஒரு கறுப்புக் கயிறு. முள் ஆடத் தொடங்கியது.

நான் முள்ளைப் பார்க்கவில்லை. நான் நினைத்துச் செய்யவில்லை, கை தானாகக் கூடைக்குள் போயிற்று. அவனுடைய குச்சிக்காலைப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். மனதுக்குள் ஐந்து வரை எண்ணி எடுத்தேன். குழி இல்லை. நல்ல கால். நிம்மதியாக நிமிர்ந்தேன்.

அவள் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகனின் காலில் நான் அமுக்கிய இடத்தைப் பார்த்தாள். மகளின் காலில் அவளே அமுக்கிக் காட்டிய அதே இடம். அவளுக்கு யாரும் எதுவும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப அது சதை இல்லையா தாயி?" என்று கேட்டாள். சத்தமே இல்லாமல் கேட்டாள்.

என் கண் மேஜைமேல் கிடந்த மகளின் அட்டைக்குப் போயிற்று. அவள் பிள்ளையைக் கூடையிலிருந்து தூக்கி முதுகில் கட்டிக்கொண்டாள். முடிச்சு சரியாக விழாமல் இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினாள். ஆயா உதவிக்குப் போனாள், அவள் விலகிக்கொண்டாள். மகளின் அட்டையை மேஜையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு, வாசலைத் தாண்டி, ரோட்டில் இறங்கிப் போய்விட்டாள். அந்தப் பிள்ளையின் எடையை நான் பார்க்கவில்லை. அதற்கப்புறம் தோப்பிலிருந்து யாரும் பிள்ளைகளைக் கொண்டு வரவும் இல்லை.

ஆயா கூடையில் துணியை மாற்றினாள். இந்தத் தடவை நான் எழுந்து போகவில்லை. அடுத்து குமாஸ்தாவின் மனைவி வந்து தன் பிள்ளையைக் கூடையில் வைத்தாள். முறுக்குக் கொடி. முள் நிற்கும்வரை இருந்து, மூன்று அவுன்ஸ் கழித்து எழுதி, அட்டையைக் கவிழ்த்துக் கொடுத்தேன்.